மார்பகம் அகற்றிய பிறகு மறுசீரமைப்பு: வடசென்னையில் எங்கே செய்கிறார்கள், எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

2018 பிப்ரவரியில் வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனை உலகச் செய்தி ஆனது. ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பு ஆபரேஷன் இலவசம், சிலிக்கான் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால் அதுவும் இலவசம் என்று அரசு அறிவித்தது. ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை கிடைக்கக் கூடாதா என்று கேட்டார் அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நிலையில் இது தேவையா என்ற எதிர்க்கேள்வியும் கிளம்பியது. வெளிநாட்டு ஊடகங்கள் வரை விவாதம் நடந்தது.

அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் பலர் காதில் விழவே இல்லை. மார்பகப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கு ஸ்டான்லியில் அதற்கு முன்பிருந்தே மறுசீரமைப்பு நடந்து வந்தது. 2018-ல் புதிதாக வந்தது, புற்றுநோய் இல்லாத பெண்களுக்கும் அந்த வசதியைக் கொடுத்தது மட்டும்தான். ஆனால் 'அழகு' என்ற சொல் அதோடு ஒட்டிக்கொண்டது. மார்பகம் எடுத்த பெண் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "உசுரு பொழைச்சதே பெருசு, இந்த வயசுல இது எதுக்கு?" என்று வீட்டில் வாயை அடைப்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

இந்த ஆபரேஷன் என்ன, எப்படிச் செய்கிறார்கள், அதற்குப் பிறகு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்ப்போம். குறிப்பாக காசிமேட்டில் கூடை தூக்குபவர், எண்ணூரில் ஆற்றில் இறங்குபவர், திருவொற்றியூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர் என உடம்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கு. எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது இவர்களுக்குத் தோற்றத்தோடு முடிகிற விஷயம் இல்லை. நாளைக்கு எவ்வளவு எடை தூக்க முடியும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

மார்பகத்தை முழுசா எடுத்தே ஆகணுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுவே. ஆனால் அத்தனை பேருக்கும் முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டியதில்லை.

கட்டி சிறியதாக இருந்தால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கும் முறை உண்டு. இதனால் ஆயுள் குறைவதில்லை என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-லேயே காட்டிவிட்டன. கட்டி பெரியதாக இருந்தாலோ, ஒரே மார்பகத்தில் பல இடங்களில் இருந்தாலோ, ரேடியேஷன் கொடுக்க முடியாத நிலை இருந்தாலோ முழுவதும் எடுக்க வேண்டி வரும். டாக்டர்கள் இதை மாஸ்டெக்டமி என்பார்கள். "எனக்கு முழுசா எடுக்கறதுக்கு என்ன காரணம்?" என்று கேட்பதில் தப்பே இல்லை, கேட்டே ஆக வேண்டும்.

ஸ்டான்லிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் ஸ்டான்லியை இன்னும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டுப் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை என்பதால் வந்த பெயர் அது.

1970-களில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி இங்கே கைக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தார். காரணம், சுற்றிலும் இருந்த தொழிற்சாலைகளும் பட்டறைகளும். பிரஸ் மெஷினில் விரல் மாட்டியவர், பெல்ட்டில் கை சிக்கியவர் என்று வந்தபடியே இருந்தார்கள். துண்டான விரலை மறுபடி ஒட்ட வேண்டுமானால், அதற்குள் ஓடும் ஓரிரு மில்லிமீட்டர் ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்து இணைக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தின் மேல் வளர்ந்ததுதான் இன்று கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிறுவனம், பிளாஸ்டிக் சர்ஜரி துறை என்று ஒரே கூரையின் கீழ் இயங்கும் பிரிவு.

வயிற்றிலிருந்து சதையை எடுத்து மார்பில் வைக்கும்போதும் இதே வேலைதான். அங்கே வெட்டி எடுத்த ரத்தக் குழாயை இங்கே மார்பில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் தைக்க வேண்டும். தொழிலாளிகளின் விரல்களை ஒட்ட வைப்பதற்காக வளர்ந்த திறமை அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பயன்படுகிறது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே சினிமாக்காரர்கள் மூக்கைத் திருத்துவது என்று நினைப்பவர்கள் அந்த வார்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

என்னென்ன முறைகள் இருக்கின்றன?

பெரிய அளவில் பார்த்தால் இரண்டே வழி. வெளியிலிருந்து ஒரு பொருளை வைப்பது ஒன்று. உங்கள் உடம்பிலேயே வேறு இடத்திலிருந்து சதை எடுத்து வைப்பது மற்றொன்று.

வெளியிலிருந்து வைப்பது என்றால் சிலிக்கான் இம்ப்ளான்ட். உலகின் முதல் சிலிக்கான் இம்ப்ளான்ட் 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பொருத்தப்பட்டது. மார்பகத்தை எடுத்த பிறகு தோல் போதாமல் இருந்தால், முதலில் பலூன் போன்ற எக்ஸ்பாண்டர் ஒன்றை உள்ளே வைப்பார்கள். சில வாரங்களுக்கு அவ்வப்போது ஊசி வழியாக சலைன் ஏற்றி, கர்ப்பத்தில் வயிறு விரிவது போல மெதுவாகத் தோலை விரிய வைப்பார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்ட்.

இதில் ஆபரேஷன் நேரம் குறைவு, உடம்பில் வேறு எங்கும் வெட்டு இல்லை, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். எடை தூக்கிப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வராது. பல வருடம் கழித்து மாற்ற வேண்டி வரலாம். உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலும் போகலாம் என்பதால், 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேனும் அதன் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒருவகை இம்ப்ளான்ட்டுகள் அரிய வகை ரத்தப் புற்றுநோய் ஒன்றோடு தொடர்புபடுத்தப்பட்டு, அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் அவற்றைத் திரும்பப் பெற்றது. எனவே எந்த கம்பெனி, எந்த வகை, என்ன சீரியல் நம்பர் என்று எழுதிய அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள்.

இனி, சொந்தச் சதை. இதில்தான் வேலையைப் பற்றி நிறைய யோசிக்க வேண்டும்.

முதுகிலிருந்து எடுப்பதை டாக்டர்கள் எல்.டி ஃபிளாப் என்பார்கள். அக்குளுக்குப் பின்னால் முதுகில் அகலமாகப் பரந்திருக்கும் தசையை, ரத்தக் குழாயை அறுக்காமல் அப்படியே முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவார்கள். மைக்ராஸ்கோப் தேவையில்லை, நம்பகமான முறை. ஆனால் அந்தத் தசைக்கு ஒரு வேலை இருக்கிறது. கையைக் கீழ்நோக்கி இழுப்பது, பின்னால் இழுப்பது எல்லாம் அதுதான். அடிபம்பை அழுத்துவது, வலையை இழுப்பது, துடுப்புப் போடுவது ஆகியவற்றுக்கு அது வேண்டும். மற்ற தசைகள் ஈடுகட்டுவதால் பெரும்பாலான பெண்களுக்குச் சில மாதங்களில் வீட்டு வேலைக்குத் தேவையான பலம் வந்துவிடும். தினமும் கனமாக இழுக்கும் தொழில் செய்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

அடுத்து வயிறு. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பாக்குவது. இதிலேயே இரண்டு வகை. பழையது டிராம் ஃபிளாப், 1980-களின் தொடக்கத்தில் பரவியது. சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய டிராமுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! இதில் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் தசையையும் சேர்த்து எடுக்கிறார்கள். படுத்திருந்து எழுவதற்கும், குனிந்து எடை தூக்குவதற்கும் உதவுகிற தசை அது. அதை எடுத்த இடம் பலவீனமாகி, பிற்காலத்தில் வயிறு புடைக்கவோ குடலிறக்கம் வரவோ வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க உள்ளே வலை வைத்துத் தைப்பார்கள்.

புதிய வகை டீப் ஃபிளாப். தசையை அங்கேயே விட்டுவிட்டு, அதற்குள் புகுந்து வரும் ரத்தக் குழாயை மட்டும் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் மார்புக்கு மாற்றி, மைக்ராஸ்கோப்பில் இணைக்கிறார்கள். வயிற்றின் பலம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். தலையில் அன்னக்கூடை ஏற்றும் பெண்ணுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆனால் ஆபரேஷன் 6 மணி முதல் 10 மணி நேரம் வரை போகலாம். இணைத்த குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அனுபவமுள்ள மையங்களிலும் நூற்றில் சிலருக்கு மாற்றி வைத்த சதை பிழைக்காமல் போவது உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொன்னால், மறுபடி ஒருமுறை விவரம் கேளுங்கள்.

"எனக்கு சிசேரியன் ஆச்சே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆச்சே?" என்று பலர் தயங்குவார்கள். அடிவயிற்றில் குறுக்காகப் போட்ட சிசேரியன் தழும்பும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கான சின்னத் தழும்பும் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. நடுவயிற்றில் நெடுக்காகக் கிழித்த தழும்பு இருந்தால் யோசிக்க வேண்டும். சி.டி ஸ்கேனில் ரத்தக் குழாய்களின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வயிற்றில் கொழுப்பே இல்லாத ஒல்லியான பெண்களுக்குத் தொடையிலிருந்து எடுக்கும் வழியும் உண்டு.

"எது பெஸ்ட் டாக்டர்?" என்று கேட்டால், டாக்டருக்கு நன்றாகக் கைவந்த முறைதான் பதிலாக வரும். அதைவிட, நீங்கள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர் பிடித்து மாடி ஏறுவேன், மூன்று மணிக்கு எழுந்து காசிமேடு ஏலத்துக்குப் போவேன், தையல் மெஷினில் எட்டு மணி நேரம் உட்காருவேன் என்று. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும், அதாவது 15 கிலோ. நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் 30 கிலோ வரும். பேஷன்ட்டின் கேஸ் ஷீட்டில் 'இல்லத்தரசி' என்று எழுதினால் இந்த எடையெல்லாம் டாக்டருக்குத் தெரியவே தெரியாது.

உடனே செய்வதா, பிறகு செய்வதா?

மார்பகத்தை எடுக்கும் அதே நாளில் மறுசீரமைப்பும் செய்யலாம். மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடியும், மார்பே இல்லாமல் கண்ணாடி பார்க்கும் நாளும் வராது. இதனால் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுவதில்லை. ஆனால் புண் ஆறத் தாமதமானால் அடுத்துத் தொடங்க வேண்டிய கீமோதெரபி தள்ளிப்போகலாம். அதுதான் டாக்டர்களின் கவலை.

ரேடியேஷன் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால் கணக்கு மாறும். ரேடியேஷன் பட்ட இடத்தில் இம்ப்ளான்ட் வைத்தால், அதைச் சுற்றி உடம்பு போடும் உறை இறுகி, மார்பு கல் மாதிரி ஆகி வலிப்பதற்கு வாய்ப்பு அதிகம். எனவே பலருக்கு ரேடியேஷன் முடிந்து சில மாதங்கள் பொறுத்து, சொந்தச் சதையில் செய்வதையே பரிந்துரைக்கிறார்கள்.

முக்கியமாக, இதற்குக் கெடு கிடையாது. 5 வருடம், 10 வருடம் முன்பு மார்பகம் எடுத்தவர்களும் இப்போது செய்துகொள்ளலாம். வயதை விட உடல்நிலைதான் முக்கியம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் மட்டும் இல்லை, வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ் எல்லாவற்றையும் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கும், புதிதாக ஒட்டிய சதை செத்துப்போகும். மார்க்கெட்டில் விடிய விடிய உட்காரும் பெண்கள் தூக்கம் வராமல் இருக்கப் போடும் புகையிலை இது. கேட்டால்தான் சொல்வார்கள், சில சமயம் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் தெரிவிக்க வேண்டும். ரத்தம் உறையும் அபாயம் காரணமாக மைக்ராஸ்கோப் ஆபரேஷனுக்கு முன் சில வாரம் நிறுத்தச் சொல்வது உண்டு. நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து முதல் ஆறு வாரம்

சொந்தச் சதை வைத்தவர்களுக்கு முதல் இரண்டு, மூன்று நாள் நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து புது மார்பைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருக்கிறதா, நிறம் சரியா என்று. டாப்ளர் கருவியை வைத்தால் 'புஸ் புஸ்' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதி. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று வார்டில் கோபப்பட வேண்டாம். நிறம் மாறினால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் சதை பிழைக்கும்.

உள்ளே தேங்கும் நீர் வெளியேற டிரெயின் குழாய்களும் பாட்டில்களும் தொங்கும். சிலர் அதோடுதான் வீட்டுக்குப் போவார்கள். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். பழைய துணியில் ஒரு சுருக்குப்பை தைத்து, பாட்டிலை அதில் போட்டு நைட்டிக்குள் மாட்டிக்கொண்டால் இழுபடாது. முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் வைத்த பருத்தி நைட்டிதான் வசதி. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடும் உடை முதல் சில வாரம் முடியாது.

வயிற்றில் எடுத்தவர்கள் முதல் வாரம் கொஞ்சம் கூனித்தான் நடப்பார்கள். தையல் இழுக்கும். நிமிர்ந்து நடக்கச் சொல்லி வீட்டில் விரட்டாதீர்கள். பாயில் படுத்து எழுவது இந்த நேரத்தில் ஆகாது. தரையிலிருந்து எழும்போதுதான் வயிற்றுக்கு அதிக அழுத்தம். கட்டில் இல்லாதவர்கள் ஆறு வாரத்துக்கு மட்டுமாவது ஒரு கயிற்றுக்கட்டிலோ பெஞ்சோ ஏற்பாடு செய்யலாம். குந்தி உட்காரும் கழிப்பறையும் கஷ்டம். கமோடு நாற்காலி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிப்பது எல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். தையல் பிரிந்து திரும்பி வருபவர்களைக் கேட்டால் தெரியும்.

குடம், சிலிண்டர், ஈரத்துணி வாளி, அழும் பேரப்பிள்ளை எதையும் ஆறு முதல் எட்டு வாரம் தூக்கக் கூடாது. இங்கேதான் வடசென்னை வீடுகளில் சிக்கல். தண்ணீர் லாரி வந்தால் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடிப்பது யார் என்பதை ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கணவர், மகன் எல்லோருக்கும் கை இருக்கிறது.

பயணமும் ஒரு பாடு. கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமான எண்ணூர் சாலையில் ஷேர் ஆட்டோவில் போனால் ஒவ்வொரு குலுக்கலும் தையலில் தெரியும். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்ட பிறகு, திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டைக்குக் குலுங்காமல் வரலாம். அங்கிருந்து ஸ்டான்லி கொஞ்ச தூரம்தான். அதே ரயில் சென்ட்ரலில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலிலும் நிற்கும். எண்ணூர்க்காரர்கள் விம்கோ நகர் வரைக்குமாவது அந்தச் சாலையைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

புது மார்பில் உணர்ச்சி இருக்குமா?

இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். இதைப் பலரும் ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். மார்பகத்தை எடுக்கும்போதே நரம்புகள் துண்டாகிவிடும். புடவைக்குள், ரவிக்கைக்குள் பார்க்க மார்பு போலவே இருக்கும். தொட்டால் கனமும் மென்மையும் தெரியும், தொடுவதை அந்த மார்பு உணராது. சிலருக்கு ஓரிரு வருடங்களில் ஓரங்களில் கொஞ்சம் திரும்பலாம்.

இதனால் ஒரு ஆபத்தும் உண்டு. வலிக்கிறது என்று வெந்நீர்ப் பை வைத்தால், தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. கொதிக்கும் எண்ணெய் தெறித்தாலும் அப்படித்தான். கடையில் மீன் வறுப்பவர்கள், இட்லிக் குண்டானை இறக்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

காம்பு தனியாகச் செய்யப்படும். சில மாதம் கழித்து, அங்குள்ள தோலையே மடித்துத் தைத்துக் காம்பு போல எழுப்பி, சுற்றியுள்ள கருவட்டத்தைப் பச்சை குத்தி நிறம் கொடுப்பார்கள். நம் பாட்டிகள் கையிலும் நெற்றியிலும் குத்திக்கொண்ட அதே பச்சைதான், கருவியும் மையும் வேறு. இது கட்டாயம் இல்லை, பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மார்பும் ஒரே அளவில் இல்லாவிட்டால், நல்ல மார்பைக் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்யும் ஆபரேஷனும் உண்டு. ஒரே தடவையில் எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு, மூன்று தடவை தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம்.

கையையும் மறக்கக் கூடாது

அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கை வீங்கும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். மறுசீரமைப்பு செய்ததால் அது போய்விடாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளை, சுவரில் விரலால் ஏணி ஏறுவது முதலானவற்றை, அவர் தொடங்கச் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்ய வேண்டும்.

மீன் வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. மீன் முள் குத்துவது, இறால் கொம்பு கீறுவது, கத்தி வெட்டுவது அவர்களுக்குத் தினப்படி சமாச்சாரம். நெறிக்கட்டி எடுத்த கையில் சின்னக் கீறல் வழியாகக் கிருமி புகுந்தாலும் கை முழுக்கச் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் துழாவிப் பிடிக்கும் பெண்கள் புண் முழுதாக ஆறும் வரை தண்ணீரில் இறங்கவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்த தண்ணீர் அது. வருடக்கணக்காகச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கிற இடம். கை சிவந்து சூடானால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செலவு? காப்பீடு?

அரசு மருத்துவமனையில் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில், மார்பகம் எடுப்பதற்கு மட்டும் அப்ரூவல் வந்திருக்கிறதா, மறுசீரமைப்புக்கும் சேர்த்து வந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

மணலி, திருவொற்றியூர் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பலர் இ.எஸ்.ஐ-யை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து சந்தா பிடித்தம் ஆகிறது என்றால், தொழிலாளிக்கும் அவரை நம்பியுள்ள குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கே புற்றுநோய் என்றால், சாதாரண நோய்க்கால உதவி 91 நாளோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தகுதி இருந்தால் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு இரண்டு வருடம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அவசரமாக எடை தூக்கும் வேலைக்குத் திரும்பாமல் இருக்க இந்தப் பணம் உதவும்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களிடம் "இது காஸ்மெட்டிக், கவர் ஆகாது" என்று சொல்லப்படலாம். அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிகளில், அழகு சிகிச்சையை விலக்கும் அதே பிரிவிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. பாலிசி பத்திரத்தில் 'விலக்கு எண் 08' என்ற பகுதியைத் தேடிக் காட்டுங்கள். டாக்டரின் கடிதத்தில் 'புற்றுநோய்க்கு மார்பகம் அகற்றியதைத் தொடர்ந்து செய்யப்படும் மறுசீரமைப்பு' என்று தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1998-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்தது. மார்பகம் எடுப்பதற்குப் பணம் தரும் காப்பீடு, மறுசீரமைப்புக்கும், மறுபக்க மார்பைச் சமன் செய்வதற்கும் தந்தே ஆக வேண்டும்.

வேண்டாம் என்று நினைத்தால்?

அதுவும் முழுக்கச் சரியான முடிவுதான். இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், தழும்போடு இருந்துகொள்கிறேன் என்பவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் இருக்கிறது. சிலிக்கானில் செய்தது நிஜ எடை தரும். ஆனால் சென்னை வெயிலில் வேர்த்து ஒட்டும், விலையும் அதிகம். பருத்தி நூலில் குரோஷா ஊசியால் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த வகை லேசானது, துவைத்துக் காயப்போடலாம். தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகக் கொடுப்பதும் உண்டு, மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் நாளடைவில் தோளும் முதுகும் வலிக்கும். எனவே கைக்குட்டையைச் சுருட்டி வைத்துச் சமாளிப்பதைவிட அளவும் எடையும் பொருந்தியது நல்லது.

புற்றுநோய் திரும்பி வந்தால் புது மார்பு மறைத்துவிடுமா என்ற பயத்தில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பயம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தால் பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் தென்படும், கையால் தடவினால் தட்டுப்படும். புது மார்பில் திடீரென்று கட்டியோ, தோல் நிற மாற்றமோ, வீக்கமோ வந்தால் காட்டுங்கள். மறுபக்க மார்புக்கு வருடம் ஒருமுறை மேமோகிராம் எப்போதும் தொடர வேண்டும்.

முதல் தடவை பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி-க்குப் போகும்போது பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, ரேடியேஷன் எடுத்திருந்தால் அதன் விவரச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு ஒருவர் வரட்டும். முடிந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் தண்ணீர் தூக்கப்போகிறவரையே கூட்டிப்போங்கள்.